பத்து மேஜையும் பதினெட்டுப் பேரும்

நாற்காலி, மேஜை வாடகைக்கு விடும் கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் அந்த ஆளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளிக்கும் அவன் நாற்பது, வண்டி ஓட்டுகிறவருக்கும் நாற்பது. எதிர்க்கடைத் தையல்காரம்மா மட்டும் கொஞ்சம் பாசம் சேர்த்து "நாப்பது தம்பி" என்பார். ஒரு தடவை வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையின் உறைமேல் "நாற்பது, குடும்பத்துடன்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவன் மனைவி அந்த உறையைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறாள், சண்டை வரும்போது எடுத்துக் காட்டுவதற்கு.

பெரியவர்கள் யாரும் அந்தப் பேருக்குக் காரணம் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஜீவன் அவன் மகள். அவளுக்கு அஞ்சு வயதாக இருந்தபோது ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாரும் உன்னை ஏன்ப்பா நாப்பதுன்னு கூப்பிடுறாங்க?"

அவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னான்.

"ஒரே தூக்குல நாப்பது சேர் தூக்குவேன்டா. அதான்."

சமையலறையிலிருந்து மனைவி ஒரு இருமல் இருமினாள். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியவில்லை. அது அப்பாவின் புஜத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

சின்னப் பொய்தான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும்வரைதான் பொய் சின்னது. மூன்று வருடத்தில் அது மகளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போய், மூன்றாம் வகுப்பு வரைக்கும் பாஸாகிவிட்டது. வகுப்பில் இருந்த முப்பத்தோரு பிள்ளைகளுக்கும் அந்தப் பெண்ணின் அப்பா ஒரே தூக்கில் நாற்பது நாற்காலி தூக்குவார் என்பது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி நிச்சயமான சங்கதி. ஒரு பையனின் அப்பா போலீஸ்காரர். அந்தப் பையனே இவளுக்கு ஜன்னலோரத்து இடத்தை விட்டுக் கொடுத்திருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்பு டீச்சர் உயரமானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், எழுதும்போது அதைத் தேடுவார். அவர் அந்த வருடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். புதன்கிழமை தோறும் யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ வகுப்புக்கு வந்து, தங்கள் வேலையில் இருக்கிற ஒரு விஷயத்தைக் காட்ட வேண்டும். தபால்காரர் வந்து கடிதம் பிரிப்பதைக் காட்டினார். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு அம்மா மாவுக்கட்டு மாவில் செய்த பல் வரிசையைக் கொண்டுவந்து, ஒரு பிள்ளையின் விரலைக் கடிப்பதுபோல் பயமுறுத்த, அந்தப் பிள்ளை அழுது பெரிய ரகளையானது.

டீச்சருக்கு அப்போது தலைவலி வேறு. கணக்குப் புத்தகத்தில் வளர்ந்துகொண்டே போகும் எண்கள் என்று ஒரு பாடம். நாலு, ஆறு, எட்டு, அடுத்தது என்ன என்று கேட்டிருக்கும். பிள்ளைகள் பத்து என்று எழுதிவிட்டுக் கொட்டாவி விடும். ஏன் பத்து என்று கேட்டால் "அடுத்தது பத்துதான் டீச்சர்" என்று சொல்லும். அந்தச் சமயத்தில்தான் அவர் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு மேஜை வேண்டுமென்று கடைக்குப் போன் போட்டார். எடுத்தது நம் ஆள்.

"முப்பது பேர் வர்றாங்க. எத்தனை டேபிள் வேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒரே வரிசையா, தனித்தனியாவா?"

"ஒரே வரிசையா போட்டா நல்லா இருக்கும்."

"அப்ப பதினாலு. தனித்தனியா போட்டா எட்டு போதும், ரெண்டு சேர் மிஞ்சும்."

மூச்சு விடாமல் சொன்னான். டீச்சர் போனை வைத்துவிட்டுக் காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுநாள் அவன் மகளைக் கூப்பிட்டு, "வர்ற புதன்கிழமை உங்கப்பாவை வரச் சொல்லும்மா" என்றார்.

சேதி வீட்டுக்கு வந்தபோது அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாதியில் கை நின்றுவிட்டது.

"கணக்குக்கா? என்னையா?"

"ஆமாம்ப்பா. நம்ம கடை டேபிளை வச்சே சொன்னா போதும்னு டீச்சர் சொன்னாங்க. முடிஞ்சதும் நீ நாப்பது சேர் தூக்கிக் காட்டு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

மனைவி இந்தத் தடவை இருமவில்லை. நேராகவே சிரித்தாள். அவள் சலவைக் கடையில் துணி மடிக்கிற வேலை பார்க்கிறாள், எதையும் ஓரம் பிசகாமல் மடித்து வைப்பாள், புருஷனையும் சேர்த்து. மகள் விளையாடப் போனதும் அவள் கேட்டாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"முதுகு வலின்னு சொல்லிடலாமா?"

"புதன்கிழமை சொல்லலாம். வியாழக்கிழமை? பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் முதுகு வலிக்குமா?"

"நீயே அவகிட்ட சொல்லிடேன்."

"நான் எதுக்கு? பொய் சொன்னது நீங்க. நான் அன்னைக்கு நின்னதோட சரி."

அவள் நின்ற கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவன் தங்கச்சி கல்யாணம். கடையில் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் பெண் வீட்டு அண்ணன் என்கிற மிதப்பில், பந்தி ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாற்பது பேர். நாலு பேர் உட்காரும் சதுர மேஜை பத்து, நாற்காலி நாற்பது. காலையிலேயே மேஜைகளைத் தனித்தனியாகப் போட்டு, துணி விரித்து, கச்சிதமாக வைத்துவிட்டான். அதோடு விட்டிருந்தால் அவன் இன்றைக்குச் சொந்தப் பேரோடு இருந்திருப்பான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, ஹோட்டல் மாதிரி ஆளுக்கொரு மூலையில? எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே டேபிள்ல முகம் பார்த்து உட்காரணும்" என்றார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். இவன் ஓடி ஓடிப் பத்து மேஜையையும் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரயில் பெட்டி மாதிரி ஆக்கினான். சாப்பாட்டையும் கொண்டுவந்து நீளத்துக்கும் வைத்தாயிற்று. ஆட்கள் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, தலைமாட்டில் ஒருத்தர், கால்மாட்டில் ஒருத்தர். அவ்வளவுதான். மீதிப் பதினெட்டு நாற்காலி சும்மா கிடந்தது. பதினெட்டுப் பேர் நின்றார்கள்.

யார் யார் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லலாம். ஏற்பாடு சொன்ன பெரியப்பாவே கை கழுவிவிட்டு வந்து நின்றார். பெரியம்மா. பெரியம்மாவின் தம்பிகள் மூன்று பேர், மூன்று பேரின் மனைவிமார். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அக்கா, அவள் வீட்டுக்காரர், அவள் மாமியார். அத்தை ஒருத்தி, அவளுடைய பிள்ளைகள் இரண்டு. ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத சித்தப்பாக்கள் இரண்டு பேர், அன்றைக்கு முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அவர்களை ஏற்றி வந்த வேன் டிரைவர். பதினெட்டாவதாக, பெரியப்பாவின் மகள்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நம் ஆள் நாற்காலிகளை இடுக்கில் செருகினான். மூலையில் திணித்தான். உட்கார்ந்தவர்களின் முழங்கையை ஒதுக்கினான். வேர்த்துக் கொட்ட, "இடம் இருக்கு, நாப்பது பேர் உட்காரலாம், பத்து நாலு நாப்பது, எண்ணிப் பாருங்க, நாப்பது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பெரியப்பா ஒரு நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்த நாப்பதை எனக்குக் கொஞ்சம் காட்டுப்பா" என்றார்.

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒட்டிக்கொண்ட பேர்தான். எல்லோரும் போன பிறகு, அன்று மத்தியானம், அவன் மட்டும் உள்ளே இருந்து மேஜையை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒட்டிப் பார்த்து எண்ணினான். அன்றைக்குப் படித்தது இன்றுவரை மறக்கவில்லை. போனில் மூச்சு விடாமல் பதில் சொல்வதும் அதனால்தான்.

நாற்காலியைக் கையில் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்த அந்தப் பெரியப்பா மகளைத்தான் ஒரு வருடம் கழித்து அவன் கட்டிக்கொண்டான். பெரியப்பா மாமனார் ஆனார். தூரத்து ஊர், வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வரும்போது பேத்திக்கு முன்னால் "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார், அவள் தூங்கிவிட்டால் "நாப்பது" என்பார். அவன் மனைவி தன் அப்பாவுக்குப் போட்ட கட்டளை அப்படி.

ஆக, புதன்கிழமை வரப்போகிறது. பொய்யை அவிழ்த்தால் மகளின் ஜன்னலோரத்து இடம் போகும். அதுகூடப் பரவாயில்லை. அப்பா என்றால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அது போகும். அதைத்தான் அவனால் தாங்க முடியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அட்டைப்பெட்டியைக் கிழித்து உள்ளங்கையளவு சதுரங்களாக வெட்டிக்கொண்டே இதைத்தான் யோசித்தான். சதுரம் தீர்ந்ததும் மீதி அட்டையில் முக்கோணங்களும் வெட்டினான். மனைவி பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்து ஒரு பை நிறைய பாட்டில் மூடிகள் சேர்த்திருந்தாள். அட்டைதான் மேஜை, மூடிதான் ஆள்.

"தைரியமா போங்க" என்றாள் காலையில். "மிஞ்சிப்போனா சிரிப்பாங்க. உங்களுக்கு அது பழக்கம்தானே."

பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றபோது மூன்றாம் வகுப்பு ஜன்னல் முழுக்கத் தலைகள். பத்து மேஜை, நாற்பது நாற்காலி. டிரைவர் மேஜைகளை இறக்கினார். அவன் நாற்காலிகளை வழக்கம்போலப் பத்துப் பத்தாக அடுக்கி, தோளில் சாய்த்து மைதானத்து மரத்தடிக்குக் கொண்டுபோனான். ஜன்னலில் பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள்.

"பத்துதானே தூக்குறாரு?" என்றது ஒரு குரல்.

"இது சும்மா வெள்ளோட்டம்" என்றாள் மகள். "அப்புறம் பாரு."

அவன் காதில் விழுந்தது. நாலாவது அடுக்கை ஜன்னல் பக்கம் பார்க்காமலே தூக்கிக்கொண்டு போனான்.

வகுப்புக்குள் போனதும் டீச்சர் அவனை அறிமுகம் செய்துவைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். முப்பத்தோரு ஜோடிக் கண்கள். முன்வரிசையில் மகள், எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு, இப்போதே கைதட்டிவிடுவாள் போல. அவளுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவனைச் சந்தேகம் என்றே கூப்பிடுவார்கள்.

நம் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டான். கடையில் போனில் எப்படி ஆரம்பிப்பானோ அப்படியே ஆரம்பித்தான்.

"வெளியே பத்து டேபிள் இருக்கு. ஒரு டேபிள்ல நாலு பேர் உட்காரலாம். பத்தையும் ஒட்டி ஒரே வரிசையா போட்டா எத்தனை பேர் உட்காரலாம்?"

கேட்டு வாய் மூடவில்லை, மகள் எழுந்து நின்றாள்.

"நாப்பது."

"எப்படிச் சொல்ற?" என்றான் சந்தேகம்.

"பத்து நாலு நாப்பது. எண்ணிப் பாரு."

நம் ஆளுக்குப் பதினோரு வருடத்துக்கு முந்தைய தன் குரல் இரட்டைச்சடை போட்டுக்கொண்டு எதிரில் நிற்கிற மாதிரி இருந்தது.

"ஒட்டினாலும் நாப்பதா?" என்றான் சந்தேகம்.

"ஒட்டினா என்ன, டேபிள் தேஞ்சா போயிடும்? நாப்பதுதான். எங்கப்பா பேரே அதுதான்."

நம் ஆள் பையைத் திறந்தான். "சரி, வச்சே பாத்துடலாம்" என்று அவன் அட்டைகளையும் மூடிகளையும் பெஞ்சுக்குப் பெஞ்சு கொடுத்தான். "ஒரு அட்டை வைங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மூடி."

நாலு. எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் எழுந்துபோய்க் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கரும்பலகையில் நாலு என்று எழுதினார்.

"இப்ப இன்னொரு அட்டையை அதோட ஒட்டி வைங்க."

மூடிகள் இடம் மாறின. ஒட்டிய இடத்தில் இருந்த மூடியை எங்கே வைப்பது என்று சில பிள்ளைகள் முழித்தன. ஒருத்தி அதை அட்டைக்கு மேலேயே வைத்தாள்.

"டேபிள் மேல ஏறி உட்கார்ந்தா சாப்பாட்டை எங்க வைக்கிறது?" என்றான் அவன். சிரித்துவிட்டு எடுத்துவிட்டாள். ஆறு.

மூன்று அட்டைக்கு எட்டு. நாலுக்குப் பத்து. கரும்பலகையில் எண்கள் கீழே கீழே இறங்கின. அஞ்சாவது அட்டையை வைப்பதற்கு முன்பே பின்பெஞ்சில் ஒருத்தி "பன்னண்டு" என்றாள். எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு டேபிள் வந்தா ரெண்டு பேர்தான் டீச்சர் புதுசா வர்றாங்க. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்."

"நாலு பேரோட வந்த டேபிள்தானே?" என்றான் அவன். "மீதி ரெண்டு பேர் எங்க போனாங்க?"

பிள்ளைகள் அட்டைகளைக் குனிந்து பார்த்தார்கள். அந்தச் சமயம் அவன் மகளைப் பார்த்தான். அவள் அட்டை பத்தையும் ஒட்டி வைத்துவிட்டாள். மூடிகளைச் சுற்றிலும் வைத்துவிட்டாள். மிஞ்சியவற்றை மூலைகளில் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூடிக்கு நடுவில் மூன்றாவதைச் செருகினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு மூடியை நகர்த்தினால் இன்னொன்று கீழே விழ, அதை எடுத்து மறுபடி செருகினாள். மண்டபத்தில் அவன் நாற்காலிகளோடு என்ன செய்தானோ அதே வேலை, அதே அவசரம்.

சந்தேகம் நிதானமாக எண்ணி முடித்தான். "இருபத்திரண்டு" என்றான்.

"தப்பு. மூலையில உட்காரலாம்."

"மூலையில உட்கார்ந்தா வயித்துல குத்தும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "நாப்பதாம், நாப்பது" என்றது யாரோ. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. அவன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மூடிகளையெல்லாம் கையால் வாரித் தள்ளிவிட்டு, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவன் போய்ச் சிதறிய மூடிகளைப் பொறுக்கி அவள் பக்கத்தில் வைத்தான். பிறகு கரும்பலகைக்கு அருகில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யாரும் சிரிக்க வேண்டாம்" என்றான். "இவ அட்டையை வச்சுத் தப்பு பண்ணா. நான் நிஜ டேபிளை வச்சு, கல்யாண மண்டபத்துல, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி பண்ணேன்."

சிரிப்பு நின்றது. அவன் சொல்ல ஆரம்பித்தான். தங்கச்சி கல்யாணம், ரயில் பெட்டி மாதிரி மேஜை, நின்ற பதினெட்டுப் பேர், திணித்த நாற்காலி, எதையும் விடவில்லை. "பத்து நாலு நாப்பதுன்னு கத்திக்கிட்டே இருந்தேன். அதனாலதான் என் பேரு நாப்பது" என்றான்.

சந்தேகத்தின் கை மேலே போனது. "அப்ப நாப்பது சேர் தூக்குறது?"

"பொய்."

"எத்தனை தூக்குவீங்க?"

"பத்து. முதுகு நல்லா இருக்கிற நாள்ல பன்னண்டு."

 போலீஸ்காரர் மகன் ஜன்னலோரத்து இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். மகளின் தலை மெதுவாக எழுந்தது. கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அவள் கேட்டது வேறு.

"நின்ன பதினெட்டு பேர் யாருப்பா?"

அவன் விரல் விட்டுச் சொன்னான். பெரியம்மாவின் தம்பிகள், அவர்கள் மனைவிமார், பேசாத சித்தப்பாக்கள், வேன் டிரைவர் என்று வரிசையாக வந்தான். "கடைசியா ஒரு அக்கா. கையில சேரை வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டே நின்னாங்க."

"அது யாரு?"

"உங்கம்மா."

அவள் வாய் பிளந்தது. பிறகு அந்த வாய் சிரிப்பாக மாறியது. கரும்பலகைப் பக்கம் டீச்சரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. அவள் சிதறிய அட்டைகளை மறுபடி ஒட்டி அடுக்கினாள். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் இருக்கிற கோட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். உதடு அசைந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொட்டாள்.

"அப்பா, ஒட்டுன இடம் ஒன்பது."

"ம்."

"ஒட்டுன இடத்துல இந்த டேபிள்ல உட்கார வேண்டியவர் ஒருத்தர், அந்த டேபிள்ல உட்கார வேண்டியவர் ஒருத்தர், ரெண்டு பேருக்கு இடம் போயிடுது. ஒன்பது ரெண்டு பதினெட்டு." அவள் எழுந்து நின்றாள். "அந்தப் பதினெட்டு பேர்தான் அவங்க. நாப்பது தப்பில்லப்பா. நாப்பதுல பதினெட்டைக் கழிக்க மறந்துட்ட, அவ்வளவுதான்."

அவன் குனிந்து அந்தக் கோடுகளைத் தானும் தொட்டு எண்ணினான். பதினோரு வருடமாக அவன் ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டு கூட்டிக்கொண்டே போய்த்தான் எண்ணியிருக்கிறான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. நாற்பதும் இருக்கிறது, நின்றவர்களும் இருக்கிறார்கள், உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் கணக்கு சரியாக வருகிறது.

"இது எல்லாத்துக்கும் வருமா?" என்றான் சந்தேகம். அவன் விடுகிற ஆளா. "முக்கோணத்துக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பத்து முக்கோணம்னா முப்பது. ஒட்டுற இடம் அதே ஒன்பது. பதினெட்டு போனா பன்னண்டு."

உடனே முக்கோண அட்டைகளுக்கு ஒரே அடிதடி. மேலே ஒன்று, கீழே ஒன்றாகத் திருப்பித் திருப்பி ஒட்டினார்கள். ஒன்றுக்கு மூன்று, இரண்டுக்கு நாலு, மூன்றுக்கு அஞ்சு. முக்கோணம் ஒவ்வொன்றாகத்தான் வளர்கிறது என்று ஒருத்தி கண்டுபிடித்துக் கத்தினாள். பத்து முக்கோணத்துக்குப் பன்னிரண்டு மூடிதான். சந்தேகம் இரண்டு தடவை எண்ணிவிட்டு, "சரிதான்" என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்கள். பத்து மேஜையையும் ஒட்டிப் போட்டார்கள். இருபத்திரண்டு பேர் சட்டென்று உட்கார்ந்துகொள்ள, ஒன்பது பிள்ளைகளும் டீச்சரும் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் நம் ஆளுக்கு ஒரு நொடி மண்டபத்து வேர்வையே மறுபடி வந்தது.

சந்தேகம் நின்றவர்களில் ஒருத்தன். அவன் வரிசையின் நடுவில் போய் இரண்டு மேஜைகளைத் தள்ளிப் பிரித்தான். "இங்க பிரிச்சா?" என்றான். பிரித்த இடத்தில் இரண்டு பக்கமும் இடம் பிறந்தது. அவனும் இன்னொருத்தியும் நாற்காலியைப் போட்டுப் பாக்ஸைத் திறந்துவிட்டார்கள்.

"ஒரு இடத்துல பிரிச்சா ரெண்டு பேர்" என்றாள் மகள், வாயில் சோற்றோடு. "பத்து பேர் நின்னாங்க. அஞ்சு இடத்துல பிரிச்சா போதும். முழுசா பிரிக்க வேண்டாம்."

அப்படியே பிரித்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் உட்பட முப்பத்திரண்டு பேர், மூலை யார் வயிற்றிலும் குத்தவில்லை. நம் ஆள் மட்டும் மரத்தில் சாய்ந்து நின்றான். போலீஸ்காரர் மகன் பக்கத்தில் வந்து, "அங்கிள், பத்து சேர்கூட எங்கப்பாவால தூக்க முடியாது. வீட்டுல கேஸ் சிலிண்டரையே அம்மாதான் தூக்குவாங்க" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனான். மகளின் ஜன்னலோரத்து இடம் பத்திரமாக இருக்கிறது என்று நம் ஆள் புரிந்துகொண்டான்.

சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவின் போனைப் பிடுங்கித் தாத்தாவுக்குப் போட்டாள்.

"தாத்தா, நீங்க எல்லாரும் அன்னைக்கு நின்னீங்களாமே. டேபிளைப் பிரிச்சிருந்தா உட்கார்ந்திருக்கலாம்ல?"

அந்தப் பக்கம் பெரியவர் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி வெளியே கேட்டது. "பிரிச்சிருக்கலாம் கண்ணு. யாருக்குத் தோணுச்சு? சாப்பாடு ஆறுதேன்னு மடியில தட்டை வச்சுச் சாப்பிட்டோம். உங்கப்பன் சொல்லிட்டானா? அப்ப இனிமே நான் அவனைத் தாராளமா நாப்பதுன்னு கூப்பிடலாம்ல?"

"கூப்பிடுங்க" என்றாள் அவள். "ஆனா பதினெட்டைக் கழிச்சுடுங்க."

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றான் அவன்.

இப்போது லீவு நாட்களில் மகள் கடைக்கு வந்துவிடுகிறாள். போன் மணி அடித்தால் முதலாளிக்கு முன்னால் ஓடிப்போய் எடுக்கிறாள். எத்தனை டேபிள் வேணும் என்று அந்தப் பக்கத்து ஆள் பாதி கேட்பதற்குள், அப்பாவின் அதே தோரணையில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறாள்.

"ஒரே வரிசையா, தனித்தனியாவா?"